சமையல் படிப்பன்று, அமானிதம்



சிறுவயதில் என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பை அறிவியல் பிரிவில் முடித்ததும், உணவியல் நிபுணராக விரும்பினாள். அவளுடைய தந்தையோ, "சமைப்பதற்கு ஐந்தாண்டுப் படிப்பா, ஹஜ்ரத்?" என்று என்னிடம் கேட்டார்.

கலைப் பட்டதாரியான நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஒரு ரமளானில், நீரிழிவு நோயாளியான என் தாயாரிடம், "ஸஹருக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும்" என்றேன். மாத்திரையை வழக்கம்போல் விழுங்கி நோன்பு நோற்றார். அஸருக்கு முன்பே சர்க்கரை குறைந்து மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் உணவியல் நிபுணரான ஓர் இளம்பெண், மருத்துவருடன் கலந்து, மாத்திரை நேரத்திற்கேற்ப உணவை அளந்து எழுதித் தந்தபோதுதான், அறியாமல் சொன்ன என் யோசனையின் விபரீதம் புரிந்தது.

இத்தகுதி எளிதில் வருவதன்று. ஊட்டச்சத்து, உணவியல் பாடங்களில் 3 ஆண்டு இளநிலைப் பட்டம். பின்னர் 2 ஆண்டு முதுநிலைப் பட்டம் அல்லது முதுநிலைப் பட்டயம். அத்துடன் மருத்துவமனைப் பயிற்சி. உயிர்வேதியியலும் உடலியங்கியலும் கற்றாக வேண்டும். இறுதியாக, 1963இல் தோன்றிய இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுத் தேர்வில் தேறியவரே 'பதிவு பெற்ற உணவியல் நிபுணர்'. 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இப்பணியை மருத்துவம் சார்ந்த தொழில்களுள் சேர்த்திருக்கிறது.

இவற்றையெல்லாம் அத்தந்தையிடம் கூறினேன். என் தவறையும் மறைக்கவில்லை. நெடுநேரம் மௌனமாயிருந்தவர், விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். அல்ஹம்துலில்லாஹ்!

நோயாளியின் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம். அதைக் காக்கக் கற்க விரும்பும் மகள் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். அவளைத் தடுத்துவிடாதீர்கள்.