இயந்திரம் பேசுகிறது, கேட்பவர் யார்?



உங்கள் இல்லத்தில் மாவு அரைக்கும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த அறையில் வேறு வேலையில் ஈடுபட்டிருக்கும் இல்லத்தரசி திடீரென எழுந்து செல்கிறார். "சத்தம் மாறிவிட்டது" என்கிறார். சென்று பார்த்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அல்லது அரிசி ஒருபுறமாக ஒதுங்கிவிட, கல் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தக் கருவியும் அவருக்கு இதனை அறிவிக்கவில்லை. பல்லாண்டுப் பழக்கம் அவருடைய செவிக்கு அளித்த ஆற்றல் அது.

இந்தச் செவியை இயந்திரத்திற்கே பொருத்திவிடலாம் என்பதுதான் இன்று தொழிற்சாலைகளில் பெரிதும் பேசப்படும் செய்தி. பேச்சு புதிது, கருத்து பழையது. ஜப்பானியரான சகிச்சி டொயோடா 1924ஆம் ஆண்டில் உருவாக்கிய தானியங்கித் தறி, இழை ஒன்று அறுந்தால் தானே நின்றுவிடும். ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் காவல் நிற்க வேண்டிய நிலை அதனால் மாறியது. இயந்திரங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதற்கான 'மோட்பஸ்' என்னும் பொதுமொழி 1979இல் வெளிவந்தது. இன்றும் பல மின் அளவிகள் அந்த மொழியில் பேசக்கூடியவையே. நம் பட்டறைச் சுவரில் இருக்கும் மீட்டருக்கும் வாய் இருக்கலாம். கம்பி இணைத்து யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்!

ஜெர்மானியர் இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து, நான்காவது தொழிற்புரட்சி என்ற பொருளில் 'இண்டஸ்ட்ரி 4.0' என்று பெயரிட்டு, 2011ஆம் ஆண்டு ஹனோவர் தொழிற்கண்காட்சியில் உலகின் முன் வைத்தனர். அந்நாட்டின் ஆம்பெர்க் நகரில் சீமென்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று 1989 முதல் இயங்கி வருகிறது. இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகளை அங்கே உருவாக்குகிறார்கள். ஒவ்வொரு பலகையும் தன் அடையாளக் குறியோடு நகர்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை இயந்திரம் அக்குறியைப் படித்து அறிந்துகொள்கிறது. பணியாளர் எண்ணிக்கையைப் பெரிதும் மாற்றாமலேயே உற்பத்தி பல மடங்கு உயர்ந்ததாகவும், பத்து இலட்சம் செயல்களில் ஏறத்தாழ 12 மட்டுமே பழுதாவதாகவும் அந்நிறுவனம் கூறியிருக்கிறது.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஆம்பெர்க் ஆம்பெர்க்தான். நம் ஊர் நம் ஊர்தான். பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டு வாழும் ஒரு குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் தோல் ஷாப்பில் நேர்ந்ததைச் சொல்வதே உங்களுக்குப் பயன்தரும் என்று எண்ணுகிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதித் தோல் தொழிலின் வரலாற்றில் 1996 ஆகஸ்ட் 28 மறக்கவியலாத நாள். பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததற்காகத் தோல் தொழிற்சாலைகள் மீது உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் அது. கழிவுநீர் சுத்திகரிப்பு கட்டாயமாயிற்று. பின்னர் 2014இல், மாசு மிகுந்த 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவின் அளவுகளை இடைவிடாது இணையம் வழியே அனுப்பும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆணையிட்டது. தோல் தொழிலும் அவற்றுள் ஒன்று.

இதை நான் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. 'இணைக்கப்பட்ட கருவி' என்பது எங்கள் ஊருக்குள் முதன்முதலில் காவல்காரராகவே நுழைந்தது. அது நம்மைக் காட்டிக்கொடுக்க வந்தது என்ற எண்ணம் முதலாளிகள் மனத்தில் ஊன்றிவிட்டது. ஆறு கெட்டதற்கு அந்தக் காவல் தேவைதான். நான் அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே கருவி நமக்காகவும் பேசும் என்பதை ஏற்க வெகுகாலம் ஆயிற்று.

பொறியியல் பயின்று திரும்பிய என் தம்பி மகன்தான் பேச்சைத் தொடங்கினான். "பெரியத்தா, ஒரே ஒரு டிரம்மில் பொருத்திப் பார்க்கிறேன்" என்றான். தோலும் மருந்தும் நீரும் சேர்ந்து சுழலும் பெரிய மர உருளையையே நாங்கள் டிரம் என்கிறோம். இரவெல்லாம் அது சுழல வேண்டும். மின்சாரம் போய் நின்றாலும், பெல்ட் கழன்று நின்றாலும், குரோம் மருந்து ஏறும் வேளையில் மேலே கிடக்கும் தோல்கள் நீரின்றிக் கிடக்கும். நிறம் திட்டுத்திட்டாக ஏறிவிடும். காலையில் கதவைத் திறக்கும்போது எதுவும் செய்வதற்கில்லை. பெல்ட் கழன்ற இரவுகளில் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும். ஓசை கேட்கிறது என்று காவலாளியும் நிம்மதியாக இருந்துவிடுவார்.

தம்பி மகன் செய்தது மிக எளிய காரியம். டிரம்மின் விளிம்பில் ஓர் இரும்புத் துண்டைப் பொருத்தினான். அருகே ஓர் உணரியை வைத்தான். துண்டு ஒருமுறை கடந்தால் ஒரு சுற்று. சுற்று எண்ணிக்கை நின்றால் கைபேசிக்குச் செய்தி. நீர்க்குழாயில் ஓர் அளவி; சுண்ணாம்பு நீக்கும் டிரம்மில் அமில காரத் தன்மையைக் காட்டும் ஒரு கருவி. ஒரு பாரம் தோல் கெட்டால் ஏற்படும் இழப்பைவிட அனைத்திற்கும் ஆன செலவு குறைவு.

முதல் பலன் நாங்கள் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வேலை எதுவும் நடவாத நள்ளிரவிலும் நீர் அளவி ஓடிக்கொண்டிருந்தது! ஊறவைக்கும் தொட்டியின் வால்வு ஒன்று கசிந்து, நீர் நேரே கழிவு வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. லாரியில் விலை கொடுத்து வாங்கிய நீர் அது. கழிவாகச் செல்லும்போது சுத்திகரிப்பு நிலையத்திற்கு மறுபடியும் கட்டணம். ஒரே நீருக்கு இருமுறை பணம்! எத்தனை காலம் அவ்வாறு போயிற்றோ!

ஆனால் சுண்ணாம்பு டிரம்மில் நடந்ததே என் சிந்தனையைத் தூண்டியது. மயிர் நீங்குவதற்காகச் சுண்ணாம்பில் கிடந்த தோலிலிருந்து அச்சுண்ணாம்பை முழுவதும் நீக்கியாக வேண்டும். நடுவில் தங்கிவிட்டால் பின்னால் தோல் முரடாகும். கருவி 8.3 என்று காட்டியது. அளவு சரி, நீரை இறக்கலாம் என்றான் தம்பி மகன். நாற்பது ஆண்டுகள் எங்களோடு இருக்கும் மேஸ்திரி பாய் மறுமொழி கூறவில்லை. ஒரு தோலை இழுத்து, கழுத்துப் பகுதியின் தடித்த இடத்தில் கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் பினாப்தலீன் துளிகளை விட்டார். நடுவே இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சுண்ணாம்பு உள்ளே இருக்கிறது!

கருவி பொய் சொல்லவில்லை, வாசகர்களே. அது நீரை அளந்தது. நீர் சரியாகவே இருந்தது. தோலின் நடுப்பகுதியை அது அறியாது. மெல்லிய ஆட்டுத் தோலில் இவ்வேறுபாடு விரைவில் மறைந்துவிடும்; தடித்த மாட்டுத் தோலில் மறையாது. கருவியின் கண்ணாடி முனையில் கொழுப்பும் புரதமும் படிந்து காட்டும் அளவே பிசகிவிடுவதும் உண்டு. அன்றாடம் துடைத்து, அளவு தெரிந்த கரைசலில் சரிபார்க்க வேண்டும். விற்க வருபவர் இதை அழுத்திச் சொல்வதில்லை.

அன்று முதல் ஒரு வழக்கம் ஏற்பட்டது. கருவி காட்டும் அளவுக்குப் பக்கத்திலேயே, மேஸ்திரி வெட்டிப் பார்த்த நேரமும், தோலின் தடிமனும், கோடு இருந்ததா மறைந்ததா என்பதும் பதிவாகின்றன. அவருடைய கைக்கும் கண்ணுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது இப்போது ஏட்டில் ஏறுகிறது. "நான் போன பிறகு இந்தக் கத்தியை யார் பிடிப்பார்கள் என்று கவலைப்பட்டேன், தம்பி" என்று அவர் ஒருநாள் கூறியபோது என்னால் உடனே பேச இயலவில்லை.

இனி, மனத்தை உறுத்தும் மறுபக்கம் ஒன்று. எங்கள் பகுதிக் காலணித் தொழிற்சாலைகளில் தைக்கும் பணியில் பெரும்பாலும் பெண்களே இருக்கிறார்கள். உங்களில் பலரின் சகோதரியர், புதல்வியர் அங்கே இருக்கலாம். தையல் இயந்திரமும் இப்போது கணக்குச் சொல்லும்: ஊசி எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது என்று. எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி பணிபுரிந்த இடத்தில் இக்கணக்கைப் பெயரோடு பலகையில் காட்டினார்கள். ஆறு நிமிடம் நின்றதாக அவர் பெயருக்கு நேரே வந்தது. நூல் மட்டமாக இருந்து ஓயாமல் அறுந்ததால் நின்ற ஆறு நிமிடம் அது. நின்றதை இயந்திரம் அறிந்தது. நூலை அது அறியவில்லை. கழிவறைக்குச் செல்லவும் பெண்கள் அஞ்சத் தொடங்கினார்கள் என்று அவர் கூறினார்.

டொயோடாவின் தறி நின்றபோது எழுந்த கேள்வி, இழை ஏன் அறுந்தது என்பது. இங்கே எழுந்த கேள்வி, நீ ஏன் நின்றாய் என்பது. கருவி இரண்டிடத்தும் ஒன்றே. கேட்கும் வாய்தான் வேறு. நூல், ஊசி, பொருள் வரவில்லை, உடல்நலமில்லை என்று காரணத்தைத் தாமே அழுத்திப் பதியும் பொத்தான்களை அந்த இயந்திரத்தில் வைப்பது கடினமன்று. செலவும் மிகக் குறைவு. பெயரை நீக்கிவிட்டு இயந்திர எண்ணை மட்டும் காட்டுவதற்குச் செலவே இல்லை. செய்ய மனம் வேண்டும்.

தொழில் நடத்தும் சகோதரர்கள் வேறொன்றையும் கருத வேண்டும். இணைத்த கதவு வழியே திருடனும் வருவான். தைவானின் டிஎஸ்எம்சி உலகின் மாபெரும் சில்லுத் தொழிற்சாலைகளை நடத்துவது. 2018 ஆகஸ்டில், புதிதாக வந்த இயந்திரம் ஒன்றில் மென்பொருளை நிறுவும்போது நச்சுநிரல் புகுந்து, அங்கே உற்பத்தி தடைப்பட்டது. அத்தகைய இடத்திற்கே அந்நிலை என்றால்! அலுவலகக் கணினியையும் டிரம்மின் கருவியையும் ஒரே வலையில் கட்டாதீர்கள். வாங்கிய கருவியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள். பதிவாகும் கணக்கு யாருக்கு உரியது, விற்றவர் கடையை மூடிவிட்டால் அது நம் கையில் இருக்குமா என்பதை விலை பேசும்போதே கேளுங்கள்.

இரவுச் செய்தியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதல் வாரங்களில் மின்னழுத்தம் சற்று ஏறினாலும் இறங்கினாலும் கைபேசி கூவியது. காவலாளி அதன் வாயை அடைத்துவிட்டு உறங்கினார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. இப்போது இரண்டே செய்திகள்தாம்: டிரம் பத்து நிமிடம் நின்றால் ஒன்று, வேலையற்ற நேரத்தில் நீர் ஓடினால் ஒன்று. அதுவும் எழுத்தாக வராமல் அழைப்பாகவே வரும். ஆயினும் அழைப்பு வந்து என்ன செய்ய? சுவிட்சைத் தொடக் காவலாளிக்கு அனுமதியில்லை, தொடவும் கூடாது. ஆகவே இரண்டு தெரு தள்ளி வசிக்கும் பிட்டரின் கைபேசிக்கே அழைப்பு செல்கிறது. எழுந்து வரும் ஒவ்வோர் இரவுக்கும் தனிக்கூலி உண்டு. சென்ற மழைக்காலத்தில் இருமுறை வந்தார், இரண்டும் பெல்ட்தான். அந்தப் பழைய பெல்ட்டை மாற்றும்படி இப்போது என்னோடு சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்.