வேண்டிய துண்டு மட்டும்

பட்டா பார்க்கும் அரசு இணையதளத்தில் மாவட்டம் காஞ்சிபுரம் என்று தொட்டால், அடுத்த பெட்டியில் ஐந்து வட்டங்கள் வந்து உட்காருகின்றன. உத்திரமேரூரைத் தொட்டால் அதற்கடுத்த பெட்டியில் கிராமங்கள். மற்றபடி பக்கம் அசைவதில்லை. ஊர்க்காரர்கள் சர்வே எண்ணைத் தேடும் இடத்தில் நான் பெட்டிகளை மாற்றி மாற்றித் தொட்டு வேடிக்கை பார்ப்பேன். பட்டாவில் பார்க்கும்படி எனக்குப் பெரிதாக நிலம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

முன்பெல்லாம் ஒரு எழுத்து மாறவேண்டுமென்றாலும் திரை வெளுத்துப்போய் முழுப் பக்கமும் திரும்ப வரவேண்டும். அவுட்லுக் மின்னஞ்சலை உலாவியில் காட்டுவதற்காக மைக்ரோசாப்ட்காரர்கள் செய்த சின்ன ஏற்பாடு 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் வந்தது. பக்கம் பாட்டுக்கு இருக்கும். பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் சத்தமில்லாமல் சர்வரிடம் போய்க் கேட்டு வாங்கி வரும். ஜிமெயிலும் கூகுள் மேப்ஸும் வந்து எல்லோரும் வியந்த பிறகு, 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் அதற்கு அஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் பெயர் சூட்டல்.

மறுவருஷம் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ‘லோட்’ என்று ஒரு கட்டளை உண்டு. இன்னொரு பக்கத்தின் முகவரியும் வேண்டிய பகுதியின் அடையாளமும் கொடுத்தால், அந்தப் பகுதி நம் பக்கத்துக்கு வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அது துண்டை மட்டும் வாங்கி வருவதில்லை. முழுப் பக்கத்தையும் இறக்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை எறிந்துவிடுகிறது. எறியும்போது அந்தப் பக்கத்தின் ஸ்கிரிப்டுகளும் போய்விடும். அங்கே அழுத்தினால் விரிந்த பட்டன் இங்கே சும்மா கிடக்கும்.

உத்திரமேரூரை உலகம் எடுத்துக்கொண்டிருப்பதும் இப்படித்தான்.

அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919லும் 921லும் வெட்டியவை. மேடைக்கு அதிலிருந்து பெரும்பாலும் வந்தது, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை மட்டும். அதிலும் பாதிதான். குடும்பு என்ற ஊர்ப் பிரிவுகள் முப்பது, ஒவ்வொன்றுக்கும் தகுதியுள்ளவர் பெயர்கள் எழுதிய ஓலைக்கட்டு. கோயில் பூசை செய்யும் நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்க வேண்டும். பிறகு ஒரே ஓலை. அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். அவன் வாசித்ததை அங்குள்ள நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். யாரோ ஒருவன் விரலிடுக்கில் ஓலையை மாற்றிப் பார்த்திருக்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. சந்தேகப்படத் தெரிந்த மனிதர்கள் எழுதிய விதி. 919இல் வெட்டியதை இரண்டே வருஷத்தில் திருத்தி மறுபடி வெட்டினார்கள். 30லிருந்து 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35லிருந்து 70 வரை ஆனது.

வெட்டி எறிந்த பகுதியில் பெருமைப்பட முடியாததும் இருக்கிறது. இந்த விதியை எழுதியது பிராமணர் சபை. வேதம் தெரிய வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். வேதம் கூடுதலாகக் கற்றவனுக்கு அரைக்கால் வேலி போதும். என் பெயர் ஓலையில் ஏறியிருக்காது. ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்று மைக் பிடிப்பவர்கள் பலருடைய பெயரும் ஏறியிருக்காது.

உலாவிக்காவது ஒரு கட்டுப்பாடு உண்டு. வேறொரு தளத்தின் பக்கத்தை, அந்த சர்வர் அனுமதி தராமல், நம் ஸ்கிரிப்டைப் படிக்கவிடாது. கல்வெட்டுக்கு அந்தக் காவல் இல்லை. யார் வேண்டுமானாலும் பிடித்த வரியைக் கத்தரித்துக்கொண்டு போகலாம்.

எனக்குக் கோபமெல்லாம் ஒரே விதியை விட்டுவிட்டதில்தான். வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் மகன், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், சகோதரி புருஷன் பெயரையும் இடக்கூடாது. பட்டியல் இன்னும் நீள்கிறது. குடவோலையை இயக்கிய ஸ்கிரிப்ட் இதுதான். அடுத்த கூட்டத்தில் குடத்தைப் பற்றிப் பேசப்போகிறவர்கள் தயவுசெய்து மைத்துனனையும் சேர்த்துப் பேசவும்.