இந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தீர்கள்?

கடந்த மாதம் மொறட்டுவையில் பொறியியல் பயிலும் மாணவர் ஒருவரிடமிருந்து எனக்கொரு மடல் வந்தது. இரண்டே வரிகள். "ஐயா, கட்டைபறிச்சான் பகுதியில் நீங்கள் சேர்த்த பெயர்களைப் பார்த்தேன். இவற்றை எங்கிருந்து எடுத்தீர்கள்?" முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே கேள்வியைப் பிறரிடம் கேட்டே சீவியம் நடத்தியவன் நான். என்னிடம் ஒருவர் கேட்டபோது உடனே பதில் எழுத முடியவில்லை.

விடயம் இதுதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எனப்படும் திறந்த வரைபடத்தை வாசகர்களிற் பலர் அறிந்திருக்கக்கூடும். 2004 இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இங்கிலாந்தில் தொடங்கி வைத்தது. யாரும் அதில் எழுதலாம், திருத்தலாம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். என் அம்மாவின் ஊர் கட்டைபறிச்சான். மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில், சேனையூருக்கு அயலில் உள்ளது. ஒருநாள் மாலை அந்தப் பகுதியைத் திறந்த வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். வீதிகள் இருந்தன, கூரைகள் இருந்தன, பெயர்கள் அநேகமாக இல்லை. மனம் பொறுக்கவில்லை. பெரிய நிறுவனம் ஒன்றின் இணைய வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக இங்கே தட்டினேன். ஏறத்தாழ இருபது பெயர்கள். ஊருக்கு ஏதோ தொண்டு செய்துவிட்ட திருப்தியுடன் நித்திரைக்குப் போனேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது ஓர் எழுத்து. நான் பார்த்து எழுதிய படத்தில் ஊரின் பெயர் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்து 'கட்டைப்பரிச்சான்' ஆகியிருந்தது. கட்டைகளைப் பறித்துக் காடு திருத்திக் குடியேறிய இடம் என்பது அம்மம்மா சொல்லும் பெயர் விளக்கம். றகரம் போய் ரகரம் வந்ததும் பறித்தல் போய்ப் பரி, அதாவது குதிரை, வந்துவிட்டது. பத்திரிகையில் ஆண்டுக்கணக்காக ரகர றகரத்துக்காக இளையவர்களை ஏசியவன், தன் தாயின் ஊர்ப் பெயரையே பிழையாக எழுதியிருந்தேன். பார்த்து எழுதுபவனுக்குக் கண் மட்டுமே வேலை செய்கின்றது. "இந்தப் பிழை வேறோர் இடத்திலும் இப்படியே இருக்கின்றது, ஐயா" என்று மாணவர் அடுத்த மடலில் மிகவும் மரியாதையாகச் சுட்டிக்காட்டினார்.

வரைபடத் திருட்டுகள் இவ்வாறுதான் பிடிபடுகின்றன. பிரித்தானியாவின் ஓட்னன்ஸ் சேர்வே என்னும் அரச நில அளவை நிறுவனம், தன் படங்களைப் பிரதி செய்ததாக ஓட்டோமொபைல் அசோசியேஷன் மீது வழக்குத் தொடுத்தது. தன் படங்களில் வேண்டுமென்றே இட்டு வைத்த சிறு அடையாளங்கள் மற்றவர் படத்திலும் அப்படியே கிடந்தன. 2001 இல் இரண்டு கோடி பவுண் கொடுத்து இணக்கத்துக்கு வந்தார்கள். கட்டைபறிச்சானின் றகரத்துக்கு யாரும் என்னிடம் கோடி கேட்கப் போவதில்லை. ஆயினும் அகப்பட்ட முறை ஒன்றுதான்.

ஒரு பெயர் எப்படி ஒருவருக்குச் சொந்தமாகும் என்று நானும் வாதாடிப் பார்த்தேன். நியாயமான கேள்விதான். தொலைபேசி விபரக் கொத்து ஒன்று தொடர்பாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991 இல் வழங்கிய தீர்ப்பு, வெறும் தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை என்கின்றது. நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அன்றாடச் செய்தியைப் பாதுகாப்பதில்லை. அதனால்தான் ஒரு பத்திரிகையின் செய்தியை இன்னொரு பத்திரிகை தன் நடையில் எழுத முடிகின்றது. ஆனால் அதே சட்டம் வரைபடங்களைப் பாதுகாக்கப்பட்ட ஆக்கங்களுள் வெளிப்படையாகச் சேர்த்திருக்கின்றது. ஐரோப்பாவிலோ 1996 முதல் தரவுத்தொகுப்புக்கென்றே தனி உரிமை உண்டு. ஒரு பெயர் எவருடையதும் அல்ல. பணம் செலவழித்துத் திரட்டிய பெயர்களின் தொகுதி திரட்டியவருடையது. போதாக்குறைக்கு, அந்த இணைய வரைபடத்தைப் பார்க்கும்போதே அதன் நிபந்தனைகளுக்கும் நாம் உடன்பட்டுவிடுகின்றோம். அவற்றை வாசித்தவர் எத்தனை பேர்? நான் வாசிக்கவில்லை.

திறந்த வரைபடக்காரர்கள் இதில் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அவர்கள் தொகுதி முழுவதும் ஒரே உரிமத்தின் கீழ் வெளியாகின்றது. ஒரு மூலையில் கலந்த களவு முழுவதையும் கேள்விக்குள்ளாக்கும். 2012 செப்டெம்பரில் அவர்கள் பழைய உரிமத்தை விட்டுப் புதியதற்கு மாறினார்கள். அப்போது சம்மதம் தராதவர்களின் பங்களிப்புகளை நீக்கினார்கள். பலர் வருடக்கணக்காக நடந்து வரைந்த தெருக்களும் அவற்றுள் அடங்கும். அப்படிச் செய்தவர்களிடம் என் இருபது பெயர்களுக்கு இரக்கம் எதிர்பார்க்க முடியாது. நானே அழித்தேன்.

ஒரு பழைய பாவத்தையும் இங்கே சொல்லிவிடுகின்றேன். தொண்ணூறுகளில் நான் வேலை செய்த ஆசிரிய பீடத்தில் நில அளவைத் திணைக்களத்தின் படம் ஒன்று சுவரில் தொங்கியது. ஒவ்வொரு இராணுவ நடவடிக்கையின் போதும் எங்கள் ஓவியர் அதன்மீது ட்றேசிங் தாளை வைத்துக் கோடு இழுப்பார், அம்புக்குறி போடுவார், மறுநாள் முதற்பக்கத்தில் வரும். மூலம் எதுவென்று ஒருநாளும் அச்சிட்டதில்லை. அதே நான், என் கட்டுரையைப் பெயரின்றி எவராவது எடுத்துப் போட்டால் மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் திரிவேன்.

நிற்க. அப்படியானால் எதிலிருந்து எடுக்கலாம்? செய்மதிப் படங்களைப் பார்த்து வரைவதற்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் 2010 இல் அனுமதி வழங்கியது. அதில் குளம் தெரியும், குளத்தின் பெயர் தெரியாது. பழைய படங்கள் உண்டு. 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட றொபேட் நொக்ஸ் 1681 இல் லண்டனில் வெளியிட்ட நூலில் இலங்கைப் படம் ஒன்று இருக்கின்றது. அதற்கு இன்று உரிமை கொண்டாடுவார் இல்லை. ஒரு குக்கிராமத்தின் ஒழுங்கையைத் தேடுபவனுக்கு அதனாற் பயனும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துப் படங்களிலோ கிண்ணியாவில் இன்னமும் 'பாதை' ஓடுகின்றது. (எங்கள் பக்கத்தில் வாகனம் ஏற்றும் மிதவையைப் 'பாதை' என்போம்.) அங்கே 2009 ஒக்டோபரிலேயே பாலம் திறந்தாயிற்று.

பிறகு ஒன்று கண்ணிற் பட்டது. சட்டவாக்க, நிருவாக ரீதியான உத்தியோகபூர்வ வாசகங்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்று புலமைச் சொத்துச் சட்டம் சொல்கின்றது. 2007 மே 30 ஆம் திகதிய அதிவிசேட வர்த்தமானி அப்படியொரு வாசகம். மூதூர் கிழக்கையும் சம்பூரையும் உயர் பாதுகாப்பு வலயமாக்கியது அதுதான். சம்பூர்ச் சனங்கள் கட்டைபறிச்சான், கிளிவெட்டி, மணற்சேனை, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்ததும், 2015 இலும் 2016 இலுமே காணிகளுக்குத் திரும்ப முடிந்ததும் அதனால்தான். அந்தக் காணிகளைக் காட்டும் திணைக்களப் படத்தை அனுமதியின்றிப் பிரதி செய்யக்கூடாது. அந்தக் காணிகளைப் பறித்த வர்த்தமானியை எவரும் தாராளமாகப் பிரதி செய்யலாம். சட்டத்தின் நோக்கில் இதில் முரண் ஏதும் இல்லை என்பது எனக்கு விளங்குகின்றது. வாசித்த அன்று நித்திரை வரவில்லை.

மாணவரின் கடைசி மடலில் ஓர் ஆலோசனை இருந்தது. "உங்களுக்குத் தெரிந்ததை எழுதலாம், ஐயா. அல்லது ஊரில் கேட்டு எழுதலாம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை."

போனேன். அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவின் கணவர், எண்பது கடந்தவர், பெரியப்பா, இன்னும் அங்கேயே இருக்கின்றார். அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். கைத்தொலைபேசி சென்ற வழியைப் பதிவு செய்தபடி இருந்தது. பெரியப்பா கை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். துரவு, வாய்க்கால், பிள்ளையார் இருந்த மரம், சுனாமியில் போன மடம். நான் அழித்த இருபதுக்கு ஐம்பதுக்கு மேல் கிடைத்தன. ஒரு சிறு குளத்துக்குத் தமிழ்ச் சனங்கள் ஒரு பெயரும் அயலிலுள்ள முஸ்லிம் சனங்கள் வேறொரு பெயரும் சொன்னார்கள். இரண்டையும் எழுத அந்த வரைபடத்தில் இடம் உண்டு. திணைக்களப் படத்தைப் பார்த்து எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று எனக்குத் தெரிந்தே இராது.

இரண்டாம் நாள் மத்தியானம் தேத்தண்ணீர் குடிக்கும்போது பெரியப்பா கேட்டார்: "தம்பி, இதை எழுதினாப் பிறகு ஆர் பாப்பான்?"

"எல்லாரும் பாக்கலாம், பெரியப்பா."

"எடுத்து விக்கலாமோ?"

"விக்கவும் ஏலும். எங்கயிருந்து எடுத்தது எண்டு சொல்ல வேணும், திருத்தினதையும் எல்லாருக்கும் குடுக்க வேணும். அவ்வளவுதான்."

"ஆமிக்காரனும்?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்ல முடியவில்லை. திறந்த உரிமம் என்றால் இன்னாருக்கு இல்லை என்று எழுத முடியாது. நோக்கம் எதுவென்று கேட்கவும் முடியாது. அதனை அவருக்கு விளக்கினேன். அவர் கோபிக்கவில்லை. "மற்றதெல்லாம் எழுது" என்றார். "அந்த முதலாவது நாள் பின்னேரம் காட்டினனே, ஒரு இடம். 2006 இல வாகரைப் பக்கம் வெளிக்கிட முதல் நாங்க நாலு நாள் ஒளிச்சிருந்த இடம். அதை மட்டும் போடாத."

கொழும்புக்குத் திரும்பி ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் ஏற்றினேன். மூலம் என்னும் பெட்டியில் நேரில் சென்று கேட்டறிந்தது என்று எழுதினேன். ஊரின் பெயரையும் றகரத்தோடு சேர்த்துவிட்டேன். மாணவர் பார்த்துவிட்டு நன்றி தெரிவித்தார். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டார்: என் கைத்தொலைபேசித் தடம் ஓரிடத்தில் வீதியை விட்டு விலகிக் காட்டுக்குள் போய்த் திரும்பியிருக்கின்றதே, அங்கே ஏதும் இருக்கின்றதா?

அந்தத் துண்டை வெட்டிவிட்டுத் தடத்தை மீண்டும் ஏற்றினேன். ஒன்றுமில்லை, வழி தவறிப் போனோம் என்று பதில் எழுதினேன்.