கதவைத் தட்டுகிறவர்



சென்ற ரமழான் முடிந்து சில வாரங்கள் இருக்கும். வவுனியாவில் அஸர் தொழுதுவிட்டு வந்து வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தேன். லண்டனிலிருந்து தங்கை அழைத்தாள். குரலில் நடுக்கம்.

"நானா, வாசலில ஒரு ஆள் நிக்கிறார். டீவி லைசன்ஸ் பார்க்க வந்தாராம். இவர் வேலைக்குப் போயிட்டார். சின்னவனும் நானும்தான் இருக்கிறம். என்ன சொல்ல?"

"கதவைத் திறக்காதே. வீட்டில் ஆண்கள் இல்லை என்று உள்ளே இருந்தபடியே சொல்" என்றேன். சொன்னாள். வந்தவர் ஒரு கடதாசியைக் கதவிடுக்கால் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஆனால் தங்கை அழுதுகொண்டிருந்தாள்.

அவள் அழுததை நான் குறை சொல்ல மாட்டேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது முல்லைத்தீவு நீராவிப்பிட்டியிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்போது அவள் கைக்குழந்தை. வளர்ந்த பிறகும் சுற்றிவளைப்புகளின் காலம். கதவு தட்டும் ஓசை கேட்டால் முதலில் அடையாள அட்டையைத் தேடும் பழக்கம் எங்களுக்கு இன்னும் போகவில்லை.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் வானொலிக்கும் பின்பு தொலைக்காட்சிக்கும் அனுமதிப்பத்திரம் இருந்ததை மூத்த சகோதரிகள் அறிவார்கள். வாப்பா தபால் கந்தோரில் பணம் கட்டி ரேடியோவுக்கு எடுத்த பத்திரத்தை உறுதிக் கடதாசிகளோடு ஒரே பையில் வைத்திருந்தார். அந்தப் பையோடுதான் ஊரைவிட்டு வந்தோம். ரேடியோ அங்கேயே தங்கிவிட்டது. இப்போது நம் நாட்டில் அந்தக் கட்டணம் இல்லை. பிரித்தானியாவில் இருக்கிறது. அங்கே வானொலி அனுமதி 1922இலும் தொலைக்காட்சி அனுமதி 1946இலும் தொடங்கின. வானொலிக் கட்டணத்தை 1971இல் நீக்கினார்கள். தொலைக்காட்சிக்கான ஆண்டுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 174.50 பவுண் ஆனது.

நம் பிள்ளைகள் பலர் அங்கே வாழ்வதால் விபரத்தைச் சொல்கிறேன். உங்கள் மகளிடமோ மருமகளிடமோ சொல்லி வையுங்கள். வீட்டுக்கு வரும் அந்த அலுவலருக்கு உங்கள் அனுமதியின்றி உள்ளே வர உரிமை கிடையாது. வேண்டாம் என்றால் அவர் திரும்பிப் போக வேண்டியதுதான். நீதிமன்றத்தின் தேடுதல் ஆணை அவர் கையில் இருந்தால் விடயம் வேறு. அப்போது தடுப்பது குற்றமாகும். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சொன்னால் அதை எழுதிக்கொள்வார், கையொப்பம் கேட்பார், அது வழக்கில் சான்றாகும். குற்றம் நிரூபணமானால் 1,000 பவுண் வரை அபராதம்.

பெண்களுக்கு இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2019இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர் பெண்கள்! கணவரும் அதே வீட்டில்தான் இருந்து பார்க்கிறார். ஆனால் தட்டும்போது கதவுக்குப் பின்னால் இருப்பவள் மனைவி. பதற்றத்தில் அவள் சொல்வதும் ஒப்பமிடுவதும் அவள் பெயரிலேயே வழக்காகிவிடுகிறது.

பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது, திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்பது ஸூரத்துந் நூர் நமக்குக் கற்றுத்தரும் ஒழுக்கம். மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆகவே கதவைத் திறக்காததற்காகத் தங்கை வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன். அவள் தேறினாள். தேறியதும் கேட்டாள்:

"எங்கட வீட்டில டீவியே இல்லையே நானா. அடுத்த முறை வந்தால் அப்பிடியே சொல்லிவிடட்டா?"

"ஃபோனில் என்ன பார்க்கிறீர்கள்?"

யூடியூபில் பழைய பயான்கள், பிள்ளைகளுக்குக் கார்ட்டூன். அவற்றுக்கு அனுமதி தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸில் வேண்டிய நேரத்தில் எடுத்துப் பார்க்கும் படத்துக்கும் தேவையில்லை. மச்சான் கிரிக்கெட் ஆட்டத்தை நேரடியாகப் பார்ப்பாராம். பிறகு சற்றுத் தயங்கிச் சொன்னாள்: "ரமழானில இஃப்தார் நேரம் மக்காத் தராவீஹ் போட்டு வைப்பம். சவூதி டீவில, லைவா."

எனக்கே சங்கடமாகிவிட்டது. எந்த நாட்டு அலைவரிசையானாலும், பார்க்கும் கருவி ஃபோனேயானாலும், தொலைக்காட்சியை ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்த்தால் அனுமதி வேண்டும் என்பதே அங்குள்ள விதி. பி.பி.சி.யின் ஐபிளேயரைப் பொறுத்தவரை எப்போது பார்த்தாலும் வேண்டும். கஃபாவைப் பார்ப்பதற்கு பி.பி.சி.க்குப் பணமா என்று என் மனமும் ஒரு கணம் கேட்கத்தான் செய்தது. (தொலைக்காட்சி கூடுமா, கூடாதா என்ற பழைய வாதத்துக்கு நான் இங்கே வரவில்லை.) ஆனால் ஒரு நாட்டின் விஸாவை ஏற்று அங்கே வாழ்பவர் அதன் சட்டத்துக்கு உடன்பட்டே வாழ்கிறார். உடன்படிக்கையை நிறைவேற்றுங்கள் என்பது ஸூரத்துல் மாஇதாவின் முதல் கட்டளை. "டீவி இல்லை" என்ற சொல் உண்மையாக இருக்கலாம். கேட்கிறவரை அது ஏமாற்றுகிறதே!

"கதவை மூடி வைக்க உனக்கு உரிமை இருக்கு. அந்தச் சொல்லைச் சொல்ல உரிமை இல்லை. நேரடியாகப் பார்ப்பதை விடுங்கள், அல்லது கட்டுங்கள்" என்றேன்.

மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. அங்கே எத்தனையோ பேர் கட்டாமல் இருக்கிறார்கள், மௌலவிக்கு வவுனியாவில் இருந்துகொண்டு பத்வாக் கொடுப்பது இலகு என்று சொன்னாராம். அதிலும் உண்மை இல்லாமலில்லை. அந்தப் பணம் என் சட்டைப் பையிலிருந்து போகவில்லை. இரண்டு வாரம் அவரிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. பிறகு தங்கையிடமிருந்து செய்தி வந்தது. மாதத் தவணையில் கட்டத் தொடங்கிவிட்டார்களாம். கிரிக்கெட்டுக்காகத்தான் கட்டினார் என்று நான் நினைக்கிறேன். அல்லாஹ்வே அறிந்தவன்.

வாப்பாவின் ரேடியோப் பத்திரத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். பையைத் திறந்து பார்த்தேன். எழுத்து பெரும்பாலும் மங்கிவிட்டது. தபால் கந்தோர் முத்திரையின் பாதியும் வாப்பாவின் கையொப்பமும் தெரிகின்றன. அனுப்பி வைத்தேன்.