கல்மரத்துக்குப் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் லேப்!

'பெரம்பலூர்ல பார்க்க என்ன பாஸ் இருக்கு?'னு உதட்டைப் பிதுக்குற பார்ட்டியா நீங்க? அப்படின்னா முதல்ல சாத்தனூருக்கு வண்டியை விடுங்க. அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் ஹாயா படுத்திருக்கும். தொட்டுப் பார்த்தா... கல்!

வயசு சுமார் 12 கோடி வருஷம். அப்போ இந்தப் பக்கமெல்லாம் கடல். 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன்தான் இந்தக் கல்மரத்தைப் பத்தி வெளியே சொன்னார். மண்ணுக்குள்ளே புதைஞ்ச மரத்துல கொஞ்சம் கொஞ்சமா சிலிக்கா வந்து உட்கார, மரம் கல்லாச்சு. ஆனா, உருவம் அப்படியே நின்னுச்சு. கம்ப்யூட்டர் பாஷையில சொன்னா, ஃபார்மட் மாறியும் லே-அவுட் கலையலை!

இயற்கை இவ்வளவு நீட்டா செஞ்ச வேலையைத்தான், இந்த ஏரியா ஸ்கூல்கள்ல நாம சொதப்பிட்டு இருக்கோம்.

இந்த ஊர்க்காரங்களுக்கு 'கன்வெர்ஷன்' புதுசில்லை. 1995-ல் திருச்சியில் இருந்து பிரிஞ்சது பெரம்பலூர் மாவட்டம். 2001-ல் அரியலூர் தனி மாவட்டம். 2002-ல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்தாச்சு. 2007 நவம்பரில் திரும்பவும் தனி! அரியலூர் பக்கத்து ஸ்கூல் ஒண்ணு, பன்னிரண்டு வருஷத்துல நாலு தடவை லெட்டர்பேடுல மாவட்டப் பேரை மாத்தியிருக்கணும்.

அதே காலத்துல கம்ப்யூட்டர் லேப்லயும் கூத்துதான். ஆபீஸ் ரூம்ல எம்.எஸ். வேர்டு. ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புக்லயோ ஸ்டார் ஆபீஸ். 2011-ல் வந்த இலவச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. அந்த வருஷமே ஸ்டார் ஆபீஸுக்கு மூடுவிழா. 2018-ல் வந்த புது ப்ளஸ் ஒன் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் புக்ல ஓபன் ஆபீஸ். சாஃப்ட்வேர் மாறிட்டே இருக்கு. பழைய ஃபைல்கள்?

இங்கிலீஷ் ஃபைல்னா பெரும்பாலும் தப்பிச்சிடும். டேபிள் கொஞ்சம் நகரும், பக்கம் ஒண்ணு கூடும், அவ்வளவுதான். தமிழ் ஃபைல்தான் பாவம்! பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சதை, அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா கொட்டும். ஏன்னா, உள்ளே சேவ் ஆகியிருக்கிறதே இங்கிலீஷ் எழுத்துதான். ஃபான்ட்தான் அதுக்குத் தமிழ் வேஷம் கட்டுது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டாலும், அதுக்கு முன்னாடி அடிச்ச ஃபைல் எதுவும் தானா மாறிடாது.

யோசிச்சுப் பாருங்க. தமிழ் மீடியம் பிள்ளைங்க எப்படியாவது பாஸாகணும்னு ஒரு டீச்சர் பத்து வருஷமா சேர்த்த கேள்வித்தாள், நோட்ஸ் எல்லாம் ஒரே ஒரு பழைய மெஷின்ல கிடக்கும். டீச்சர் ரிட்டயர்டு. மெஷினும் 'டப்'புனு போச்சுன்னா? டியூஷனுக்குக் காசில்லாத பையனுக்கு அந்த நோட்ஸ்தான் டியூஷன்!

நீங்க என்ன பண்ணலாம்?

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போறப்ப, படிச்ச ஸ்கூலுக்கு ஒரு நடை போங்க. ஹெச்.எம். கிட்ட பர்மிஷன் வாங்கிட்டு, இந்த வரிசையில வேலையை ஆரம்பிங்க...

* ஒரிஜினல்ல கையே வைக்காதீங்க. முதல்ல காப்பி எடுங்க.

* பழைய மெஷின்ல சரியாத் தெரியுறப்பவே பி.டி.எஃப். ஆக்கி வெச்சுக்குங்க. அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் சாட்சி.

* லிப்ரே ஆபீஸ் இலவசம். பழைய ஸ்டார் ஆபீஸ் ஃபைலைத் திறந்து ஓ.டி.டி.யா சேவ் பண்ணலாம். 2006-லயே ஐ.எஸ்.ஓ. முத்திரை வாங்கின ஃபார்மட் அது. வேர்டு ஃபைல் நிறைய இருந்தா, அதுலயே இருக்கிற 'டாக்குமென்ட் கன்வெர்ட்டர்' முழு ஃபோல்டரையும் மாத்திடும்.

* ஃபைலை மாத்தினா எழுத்து மாறாது. அதுக்குத் தனியா என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி ஒரு டூல் வேணும். எந்த ஃபான்ட்னு பார்த்துக் கொடுத்தா, யூனிகோடா வரும். நடுவுல இருக்கிற இங்கிலீஷ் வார்த்தை, ஃபிசிக்ஸ் ஃபார்முலாவை ஒதுக்கி வைக்கலைன்னா, அதையும் தமிழாக்கிப் படுத்திடும், உஷார்!

* மார்க் ஷீட்ல ரெண்டு டோட்டலையாவது கையால கூட்டிப் பாருங்க. மேக்ரோ இருந்தா, அது வேலை செய்யும்னு நம்பிடாதீங்க.

நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்தா வேலை சீக்கிரம் முடிஞ்சிடும். கிளம்புறதுக்கு முன்னாடி, லேப் பொறுப்புல இருக்கிற டீச்சருக்கும் ரெண்டு ஸ்டூடன்ட்ஸுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்துட்டு வாங்க. அடுத்த தடவை சாஃப்ட்வேர் மாறுறப்ப, அவங்க உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் பாருங்க!