ரெண்டு மணிப்பூவும் மூணாவது வேரும்

1/ சில வருஷம் முன்னாடி, பயிற்சிக்காக ஒரு வருஷம் தென்கொரியாவில் இருந்தேன். அங்கே ஒரு பாட்டி என் கையிலிருந்த வேரைப் பிடுங்கி எறிஞ்ச கதை இது. செடி, வேர் பறிச்சு சமைக்கிற பழக்கம் உள்ளவங்க கடைசி வரை படிங்க.

2/ டோராஜி, டொடொக். ரெண்டுமே மணிப்பூக் குடும்பம். ரெண்டிலும் சாப்பிடுறது முக்கியமா வேர்தான். சந்தையில் பக்கத்துப் பக்கத்துல குவிச்சிருப்பாங்க. ஆரம்பத்துல எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சது.

3/ பூத்திருந்தா குழப்பமே இல்லை. டோராஜி நேரா நிக்கிற செடி. மொட்டு பலூன் மாதிரி உப்பியிருக்கும். விரிஞ்சா ஐந்து முனையுள்ள ஊதா நட்சத்திரம், வெள்ளையும் உண்டு. டொடொக் கொடி. பூ தலைகீழாத் தொங்கும். வெளியே வெளிர்பச்சை, குனிஞ்சு உள்ளே பார்த்தா கருஞ்சிவப்புக் கறை.

4/ சமையலும் வேற. டோராஜி கசக்கும். அதுல இருக்கிறது சபோனின். நம்ம பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கிற அதே வகை. உப்பு போட்டுப் பிசைஞ்சு அலசி கசப்பை எடுப்பாங்க. டொடொக்கைத் தட்டி, மிளகாய் விழுது தடவிச் சுடுவாங்க. தோல் சீவும்போதே பால் பிசுபிசுன்னு கையில ஒட்டும், வாசனை தூக்கும்.

5/ எட்டு மாசத்துல நிபுணர் ஆயிட்டதா நினைப்பு. மார்ச்ல ஒரு ஞாயிறு, மலையடிவாரத்துல தடிமனான வேர் ஒண்ணு கிடைச்சது. இலையும் இல்லை, பூவும் இல்லை. டொடொக்தான்னு பெருமையா வீட்டுக்காரப் பாட்டிகிட்ட நீட்டினேன்.

6/ பாட்டி கீறி மோந்து பார்த்தாங்க. வாசனை இல்லை. பாலும் இல்லை. நேரா குப்பைக்குப் போச்சு. அது போக்வீட். அமெரிக்காவிலிருந்து வந்து அங்கே மண்டிக் கிடக்கிற நச்சுச்செடி. சாப்பிட்டா வாந்தி, வயித்து வலி, வயித்துப்போக்கு. டோராஜி, டொடொக்னு நினைச்சு இதைத் தின்னுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க அங்கே உண்டு.

7/ நான் எங்கே கோட்டை விட்டேன்? ரெண்டு நல்ல செடியை நல்லாவே ஒப்பிட்டேன். மூணாவதா ஒண்ணு இருக்கலாம்னு யோசிக்கவே இல்லை. ஓ.பி.யில எங்களுக்குச் சொல்லித்தர்ற முதல் எச்சரிக்கையே இதுதான்: “இதுவா, அதுவா”ன்னு ரெண்டுக்குள்ளயே நின்னுடாதே. மருத்துவமனையில நினைவிருந்த பாடம் மலையில மறந்துபோச்சு.

8/ உங்க ஊர் எதுவா இருந்தாலும் சரி, வேரை மட்டும் பார்த்து எந்தச் செடியையும் அடுப்பில ஏத்தாதீங்க. சாப்பிட்டு உடம்புக்கு முடியாமப் போனா, நீங்களா வாந்தி வரவழைக்க வேண்டாம். மிச்சமிருக்கிற வேரை ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. அந்த ஒரு துண்டு எங்களுக்குப் பெரிய உதவி.