அப்பாரு விட்டுப்போன எஸ்டேட்

"எங்க அப்பாரு எனக்கு ஒரு எஸ்டேட் விட்டுட்டுப் போயிருக்கார்" என்று ஆபீஸில் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். (கொங்குப் பக்கம் அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா.) அன்று மதியம் எனக்கு டீ வாங்கித் தந்தவர்கள் மூன்று பேர்! "வால்பாறையா சார், குன்னூரா?" என்றார் கேஷியர். "சூலூர்ல, மாட்டுக் கொட்டகையில" என்றேன். டீக்காசைத் திருப்பிக் கேட்காத குறை.

விஷயம் இதுதான். அது அம்பாசடர் எஸ்டேட். 1968 மாடல். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி, கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் 2014 வரை செய்தார்களே, அதே அம்பாசடர்தான். ஆனால் டிக்கி கிடையாது. கூரை அப்படியே பின்னால் நீண்டுபோய் ஒரு கதவில் முடியும். பின்சீட்டை மடக்கினால் சின்ன லாரி! பருத்தி மூட்டை, அத்தையின் கல்யாணச் சீர், ஒருமுறை ஒரு கன்றுக்குட்டி... எல்லாம் இதில் பயணம் செய்திருக்கின்றன. அப்பாரு போன பிறகு பதினாறு வருஷம் கோழிகள் குடியிருந்தன. வாடகை பாக்கி.

போன வருஷம் போனஸ் வந்த சூட்டில், "இதை ஓட வைக்கிறேன்" என்று கிளம்பினேன். கோயமுத்தூரில் இருப்பவனுக்கு இந்தத் திமிர் இயல்பு. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பித்த ஜி.டி. நாயுடுவின் ஊர் இல்லையா!

முதலில் உக்கடம். பழைய சாமான் கடைகளில் முகப்பு விளக்கு வளையம், முன்கதவுக் கைப்பிடி, ஸ்டீயரிங் பக்கத்து கியர் ராடுக்கு புஷ் எல்லாம் கிடைத்தன. முன்பாதி மற்ற அம்பாசடர்களுக்கு உறவுக்காரன். பின்பாதிதான் அநாதை. பின்பக்கவாட்டுக் கண்ணாடி, பின்கதவு, அதன் ரப்பர் என்று கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் செஞ்சுக்கணுமுங்க தம்பி."

செய்யத்தான் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துப் பட்டறைகள் இருக்கின்றனவே. அங்கே சந்துக்குள் நுழைந்தால் லேத் சத்தம்தான் காலிங் பெல். அம்பாசடருக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் எலும்பு. தரைத் தகட்டில் துரு ஏறினால் எலும்புருக்கி வந்த மாதிரி. டிங்கர் மேஸ்திரி அட்டையில் அளவு வெட்டி, அதை வைத்துத் தகடு வெட்டி, பின்பாதியைக் கிட்டத்தட்ட புதிதாகவே தைத்தார். நாலு மாசம். பட்டி பார்க்கும்போது ஒரு இடத்தை மட்டும் விடச் சொன்னேன். கன்றுக்குட்டி உதைத்த பள்ளம்.

சிக்கல் எஞ்சினில் வந்தது. 1983-ல் பெட்ரோல் கட்டுப்படியாகாமல் அப்பாரு மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சினை இறக்கிப் பொருத்தியிருந்தார். ஆனால் 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய வேண்டுமானால் எஞ்சினும் பாடியும் பெரிய மாற்றமில்லாமல் அசலாக இருக்க வேண்டும். "பழைய பெட்ரோல் எஞ்சின் ஒண்ணு இருக்குதுங். போட்டுரலாமுங்களா?" என்றார் மெக்கானிக்.

சபலம் தட்டியது. அவினாசி ரோட்டில் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியத்துக்குப் போய்ப் பார்த்தேன். பளபளவென்று வரிசையாக நிற்கின்றன கார்கள். நம்ம வண்டியும் இப்படி... ஆனால் விண்டேஜ் வண்டியை தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். மூட்டை ஏற்றவே பிறந்த வண்டிக்கு அது பென்ஷன் மாதிரியல்லவா?

அப்பாவைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்று முடித்துக்கொண்டார். அந்த வண்டியைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அப்பாருவும் அவரும் கடைசி ஐந்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். தோட்டத்துப் பங்கு விவகாரம்.

எஞ்சினை இறக்குவதற்கு முன்னால் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்றார் மெக்கானிக். அப்பாவும் வந்திருந்தார். பட்டறை வாசல் வேப்பமரத்தடியில் சிகரெட்டோடு நின்றிருந்தார். புதுப் பேட்டரி. இரண்டு தடவை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. டட்... டட்... டடடட!

அறுபத்தைந்து வயதான அப்பாவின் கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போனது. சிகரெட் கீழே விழுந்தது.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "தோட்டத்து வளைவுல இந்தச் சத்தம் கேட்டா..." என்று ஆரம்பித்தவர், மூக்குக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

"அந்த எஞ்சினே இருக்கட்டுங்க" என்றேன் மெக்கானிக்கிடம்.

ஆக, விண்டேஜ் பட்டம் இல்லை. ஐந்து வருஷத்துக்கொருமுறை சாதாரண வண்டியாக ரினியூவல்தான். முதல் ஓட்டம் ஈச்சனாரி பிள்ளையார் கோயில், டயருக்கு எலுமிச்சம்பழம். அங்கிருந்து கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி வரை அப்பாதான் ஓட்டினார். நாற்பது சொச்சம் ஸ்பீடு. டவுன் பஸ்ஸெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. திரும்பும்போது பின்னால் இரண்டு மூட்டை தேங்காய்.

திங்கட்கிழமை கேஷியர் கேட்டார்: "எஸ்டேட்ல என்ன சார் வருமானம்?"

"லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்" என்றேன்.